தம்பி கல்யாணத்துக்கு யார் தலைமை

என் தம்பிக்கு முப்பத்தெட்டு வயது முடிந்த வருடத்தில்தான் எங்கள் கட்சிக்கு ஞானம் பிறந்தது. இனிமேல் மாநிலத் தலைவரை டில்லியில் உட்கார்ந்துகொண்டு யாரும் நியமிக்கப் போவதில்லை, உறுப்பினர் அட்டை வைத்திருக்கிற எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். நல்ல விஷயம்தானே என்று நானும் நினைத்தேன். அந்த நல்ல விஷயம் நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்து தம்பியின் கல்யாணத்தில் கை வைக்கும் என்று யார் கண்டது?

முதலில் கல்யாணத்தைச் சொல்லிவிடுகிறேன். கேரள எல்லைக்குள் தமிழ் பேசுகிற எங்கள் வடகரப்பதிப் பக்கம் முப்பத்தெட்டு வயதில் கல்யாணமாகாமல் இருப்பது அதிசயம் இல்லை. வீட்டுக்கு ஒருத்தன் அப்படி இருக்கிறான். தென்னந்தோப்பு இருக்கும், போர்வெல் இருக்கும், மாடு இருக்கும், பெண் மட்டும் கிடைக்காது. பெண் வீட்டார் பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் கார் வைத்துக்கொண்டு வருவார்கள். காப்பி குடிப்பார்கள், தோப்பைச் சுற்றிப் பார்ப்பார்கள். "பையன் கோயமுத்தூர்ல ஏதாச்சும் கம்பெனிக்குப் போறாருங்களா?" என்று கேட்பார்கள். விவசாயம்தான் என்று சொன்னால் அப்புறம் நம் போனையே எடுக்க மாட்டார்கள். இப்படியே பத்து வருடம் போனது. தரகர்களுக்குக் காப்பி போட்டுப் போட்டே எனக்கு வெறுத்துவிட்டது. அம்மா மருமகளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் அப்பாவும் தம்பியும் மட்டும்தான். ஒருத்தர் சோறு வைப்பார், ஒருத்தர் பாத்திரம் கழுவுவார், இரண்டு பேரும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுவார்கள். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட நான் அடிக்கடி ஸ்கூட்டரில் போய்க் குழம்பு வைத்துவிட்டு வருவேன்.

அப்போதுதான் எருத்தேன்பதியில் அந்தப் பெண் அமைந்தாள். ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளந்து ஊற்றுகிற வேலை. செவ்வாய் தோஷம் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கும் முப்பது தாண்டியிருந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவள் தலையைக் குனிந்துகொண்டெல்லாம் நிற்கவில்லை. தம்பியைப் பார்த்து, உங்கள் மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது, தீவனம் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள். இவனும் வெட்கத்தை விட்டுப் பதில் சொன்னான். இரண்டு பேரும் மாட்டைப் பற்றியே பேசிப் பழகிவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் நான் குழம்பு வைக்கப் போனபோது இவன் களத்தில் நின்று போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். என் தம்பி அப்படிச் சிரித்து நான் கேட்டே எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

வைகாசியில் உப்புச்சக்கரை மாற்றினோம். எங்களில் இரண்டு வீட்டாரும் உப்பும் சக்கரையும் மாற்றிக்கொண்டால் பெண் உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளையோடு பிறந்தவள் செய்கிற இணைச்சீர்ச் சடங்குக்கு உரிய அக்கா நான்தான் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே கட்சி, அதுவும் பரம்பரைக் கட்சி. உப்புச்சக்கரை அன்றைக்கே தோளில் கைபோட்டுக்கொண்டு, பழைய மறியல் கதைகளைப் பேசி இரண்டு தடவை காப்பி வாங்கிக் குடித்தார்கள். ஒரே கட்சி என்பதால் நல்லது என்றுதான் எல்லோரும் சொன்னோம். எங்கள் வாயில் மண்ணைப் போட.

அப்புறம் தலைவர் தேர்தலை அறிவித்தார்கள். இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேருக்குமே தமிழில் 'வணக்கம்' தவிர வேறு ஒரு வார்த்தை வராது. ஒருத்தர் வக்கீல். இன்னொருத்தர் முன்பு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். மலையாளத்தில் வாத்தியாரை மாஷ் என்பார்கள், அதனால் அவர் எங்களுக்கு மாஷ். அப்பா வக்கீல் பக்கம். வாய்க்கால் தண்ணீர் கேட்டு எங்கள் பக்கத்துக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்த வருடம், வக்கீல் எங்கள் வீட்டில் ராகிக் களி சாப்பிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும் அப்பாவைக் கையசைத்துக் கூப்பிடுவார். முப்பது வருடம் கொடி கட்டி, நோட்டீஸ் ஒட்டி, ஒரு வார்டு பொறுப்புக்கு மேல் எதையும் காணாத மனுஷனுக்கு அந்தக் கையசைப்பே பத்மஸ்ரீ. பெண்ணின் அப்பா மாஷ் பக்கம். அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, அந்த வழியாகக் கூட்டத்துக்குப் போன மாஷ்தான் தன் காரில் போட்டுத் திருச்சூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் உயிரோடு இருப்பதே மாஷ் போட்ட பிச்சை என்று நினைப்பவர். இரண்டு பேரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி உள்ளவர்கள்தான். அதுதான் சங்கடமே.

முதலில் கேலியாகத்தான் இருந்தது. சம்பந்தி போனில் கூப்பிட்டு, உங்கள் வக்கீல் கேஸ் தோற்றுப்போச்சு என்பார். அப்பா, உங்கள் வாத்தியார் பெயில் என்பார். ஆனால் ஆடிக்காற்று கிளம்பியதும் ஊரே இரண்டாகக் கிழிந்தது. சட்டசபைத் தேர்தலில் எதிர்க்கட்சிக்காரனுடன்கூட எங்கள் ஊரில் இவ்வளவு பகை வந்ததில்லை. டீக்கடையில் வக்கீல் ஆட்கள் ஒரு பெஞ்சு, மாஷ் ஆட்கள் ஒரு பெஞ்சு. மாரியம்மன் கோயில் கமிட்டிக் கூட்டம் பாதியிலேயே கலைந்தது. ஒரே வீட்டில் அண்ணன் வக்கீல், தம்பி மாஷ் என்று ஆகி, நடுவில் இருந்த கிணற்று மோட்டாருக்குத் தனித்தனிப் பூட்டுப் போட்டார்கள். மெம்பர்ஷிப் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கோஷ்டியும் மாறிமாறி வந்தது. என் வீட்டுக்காரர் வக்கீல் கோஷ்டியில் சேர்ந்து, காலையில் பால் கறந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மாடு தண்ணீர் இல்லாமல் கத்தியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துப் பத்திரிகை அடிக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் கட்சிக் குடும்பத்துக் கல்யாணம் என்றால் பத்திரிகையில் சாமி பெயருக்கு அடுத்து ஒரு தலைவர் பெயர் இருக்க வேண்டும். 'இன்னார் தலைமையில்' என்று தடித்த எழுத்தில் போடுவார்கள். அந்த இன்னார் மேடையேறித் தாலியைத் தொட்டுக் கொடுத்து, மைக்கில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அவர் வராவிட்டால்கூடக் குறையில்லை, பெயர் இருக்க வேண்டும். என் கல்யாணப் பத்திரிகையில் ஒரு எம்.எல்.ஏ. பெயர் இருந்தது, அவர் வந்து சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. ஆனாலும் அப்பா அந்தப் பத்திரிகையைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பொள்ளாச்சி அச்சகத்துக்குப் போன் போட்டு வக்கீல் தலைமை என்று சொல்லிவிட்டார். அதே வாரத்தில் சம்பந்தி, யாரிடமும் கேட்காமல், மாஷிடமே நேரில் போய் தேதி சொல்லிவிட்டு வந்திருந்தார். இரண்டு சேதியும் ஒரே நாளில் என் காதில் விழுந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

தம்பியிடம் கேட்டேன். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவன் நிமிராமல் சொன்னான்: "எந்தத் தலைவரும் வேண்டாங்க்கா. சாமி பேரு மட்டும் இருந்தாப் போதும். அந்தப் புள்ளையும் அதயேதான் சொல்லுது." இதை அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தலைவர் பேரில்லாம எம்பட பையனுக்குப் பத்திரிகையா? நான் என்ன கேக்க நாதியில்லாதவனா?" என்றார். சம்பந்தி வீட்டுக்குப் போன் பண்ணினால் அங்கேயும் இதே பாட்டு.

அப்போது என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். இவருக்கு யோசனை வந்தாலே எனக்குப் பயம். பெண் வீட்டுப் பத்திரிகை வேறு, மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை வேறு என்று அடிப்பது வழக்கம்தானே, அவரவர் பத்திரிகையில் அவரவர் தலைவரைப் போட்டுக்கொள்ளட்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு அப்பாக்களும் ஒத்துக்கொண்டார்கள். நானும் சந்தோஷமாக மஞ்சள் தடவி அடுக்கினேன்.

வடகரப்பதியும் எருத்தேன்பதியும் என்ன அமெரிக்காவிலா இருக்கின்றன? இரண்டு வீட்டுக்கும் பாதிச் சொந்தம் பொது. ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரிகையும் போனது. ஒரே முகூர்த்தம், ஒரே மண்டபம், ஒன்றில் வக்கீல் தலைமை, ஒன்றில் மாஷ் தலைமை. எந்தப் பாவியோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து, 'உங்கள் ஓட்டு யாருக்கு?' என்று கீழே எழுதிக் கட்சி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். ஆடிக்காற்றில் தீ வைத்தால் எப்படி இருக்கும், அப்படிப் பரவியது. என் தம்பியின் பெயரும் அந்தப் பெண்ணின் பெயரும் போட்டிருந்த கல்யாணப் பத்திரிகைக்குக் கீழே ஊர்க்காரர்கள் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பத்திரிகைக்கு இத்தனை, அந்தப் பத்திரிகைக்கு இத்தனை. சித்தூரில் இருக்கிறவன், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறவன், எங்களை யாரென்றே தெரியாதவன் எல்லாம் ஓட்டுப் போட்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதன் பிறகு வாய் தடித்தது. காரில் ஏற்றிக்கொண்டு போனதற்காகக் காலம் பூராவும் காலைப் பிடிப்பதா என்று அப்பா யாரிடமோ சொன்னது குரலாகவே பதிவாகி அதே குரூப் வழியாகச் சம்பந்தியின் காதுக்குப் போனது. அவர் பதிலுக்கு, முப்பது வருடம் கொடி கட்டினவருக்குக் கொடி கட்டத்தான் தெரியும், தலைவரைத் தெரியாது என்று ஒரு குரல் பதிவு போட்டார். அதை அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். நான் போனபோதும் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. தம்பி போனை வாங்கி அணைத்து அலமாரியில் வைத்தான். அப்பா எழுந்து போய் எடுத்துக்கொண்டார்.

நான் பஸ் பிடித்து எருத்தேன்பதிக்குப் போனேன். சம்பந்தி மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை. நாற்காலி போட்டு மோர் கொடுக்கச் சொன்னார். மனுஷன் முகம் வாடியிருந்தது. "அம்முணி, உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க. மாப்பிள்ளை தங்கமானவரு. உங்கப்பா அதே குரூப்புல ஒரு வார்த்த, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லட்டும். எம்பட உசுரக் காப்பாத்துனவரப் பேசுனதுக்கு" என்றார். ஒரு வார்த்தைதானே மாமா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். உள்ளே அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது பால் சொசைட்டியில் இறங்கினேன். சாயங்காலப் பால் வந்துகொண்டிருந்தது. கேனுடன் நின்றவர்கள் அங்கேயும் இரண்டு கூட்டமாக நின்றார்கள். அவள் அளவை முடித்துவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை முழுக்கப் பால் ஈரம். கல்யாணத்தைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாமா, மேடை இருந்தால்தானே தலைவர் ஏறுவார் என்று கேட்டாள். எவ்வளவு புத்தியான பெண். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கோயில் கல்யாணம் என்று வாயைத் திறந்தேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்த பிறகு, ஓடிப்போனவர்கள் மாதிரி கோயிலில் கட்டுவதா என்று கத்தினார். சரி, நீயே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடு, நான் முன்னால் நிற்கிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். ஆத்திரத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னேன். அவன் மாட்டுக் கயிற்றை முளையில் கட்டிவிட்டுச் சொன்னான்: "அவங்கப்பனுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி வந்த உடம்புக்கா. ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா அந்தப் புள்ள எப்படி எங்கூட இருக்கும்? வராது. நானும் கூப்புட மாட்டேன்."

ஓட்டுப் போடுகிற நாட்கள் வந்தன. எல்லாம் போனில்தான். எங்கள் ஊரில் டவர் பாதி நேரம் தமிழ்நாட்டுக்குத் தாவிவிடும். ரகசிய எண் வராது. பெரிய மனுஷர்கள் எல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றார்கள். என் வீட்டுக்காரர் என் போனை வாங்கி எதையெதையோ தட்டினார். கடைசியில் அதை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணைச் சிமிட்டு என்றார். சிமிட்டினேன். அவ்வளவுதான், ஓட்டுப் போட்டாகிவிட்டது என்றார். யாருக்கு என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். யார் ஜெயித்தாலும் எங்கள் வீட்டில் ஒருத்தர் தோற்கப் போகிறார், அதனால் எனக்கு யாரும் ஜெயிக்க வேண்டாம் என்றுதான் இருந்தது. அப்படி ஒரு பொத்தான் அதில் இல்லை. மாரியம்மனிடம் போய் நின்று, தேர்தலையே தள்ளிவைக்கச் சொல்லிக் கும்பிட்டேன். அவளும் எந்தக் கோஷ்டியோ.

மாஷ் ஜெயித்தார்.

ஆடி முடிகிற சமயம். மத்தியானம் பட்டாசுச் சத்தம் கேட்டதும் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு ஓடினேன். பேண்டு வாத்தியத்துடன் ஜீப்புகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றன. ஒரு சரத்தைக் கொளுத்தி எங்கள் வாசலில் போட்டார்கள். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடியது, தம்பி அதன் பின்னால் ஓடினான். முதல் ஜீப்பில் முன் ஸீட்டில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை, கை ஆட்டவில்லை, முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்த வேண்டாம் என்று தான் சொன்னதாகவும் பையன்கள் கேட்கவில்லை என்றும் பிறகு சொல்லி அனுப்பினார். இருக்கலாம். ஆனால் இறங்கவும் இல்லையே. இறங்கி வந்து அப்பா தோளில் ஒரு கையை வைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஜீப் போகிற வரை நின்றார். சட்டைகூடப் போட்டிருக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மாஷ் மேடையேறினால் நான் மேடையேற மாட்டேன் என்று அப்பா சொல்லி அனுப்பினார். மாநிலத் தலைவரே நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறார், எங்கள் ஊருக்கு இது நடந்ததே இல்லை, அவரை எந்த வாயால் வேண்டாமென்று சொல்வேன் என்று அங்கிருந்து பதில் வந்தது. சொந்தக்காரர்கள் போனார்கள், வந்தார்கள். நான் மறுபடி போனேன். என் வீட்டுக்காரர்கூட, மாமா போகட்டும் விடுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினார்; அவ்வளவு நாளில் அவர் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அதுதான். கடைசியில் நான் அப்பாவின் காலில் விழுந்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. சிமெண்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து இரண்டு காலையும் கட்டிக்கொண்டேன். அவனுக்கு இது ஒன்றுதான் அப்பா, இதை விட்டால் அவனுக்கு வேறு இல்லை என்று அழுதேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, என்னைத் தூக்கவும் இல்லை.

"எந்திரி கண்ணு. எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

மறுநாள் பெண்ணின் தாய்மாமன் வந்து, நாங்கள் எடுத்துக் கொடுத்திருந்த பட்டுப்புடவையையும் நகையையும் மேஜை மேல் வைத்தார். அவருக்கும் அழுகை. தம்பிதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வெயிலாக இருக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் மாமா என்றான். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முகூர்த்த நாள் அன்றைக்கு அவனைத் தனியாக விடப் பயந்து காலையிலேயே போய்விட்டேன். அவன் வழக்கம்போல் எழுந்து பால் கறந்து ஊற்றிவிட்டு வந்திருந்தான். அப்பா டி.வி. போட்டிருந்தார். திருவனந்தபுரத்தில் மாஷ் பதவி ஏற்றுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் எங்கள் மண்டபத்தில் தாலி கட்டியிருக்க வேண்டும். மனுஷன் வடகரப்பதிக்கு வருவதாகவே இருக்கவில்லை. பதவியேற்புத் தேதி முடிவானதுமே வர முடியாது என்று எருத்தேன்பதிக்குச் சேதி வந்துவிட்டதாம். அதற்குள் புடவை திரும்பி வந்துவிட்டதால், அதை எங்களிடம் வந்து சொல்ல யாருக்கும் முகம் இல்லை. வராத ஒரு மனுஷன் மேடையேறலாமா கூடாதா என்றுதான் இத்தனையும் நடந்திருக்கிறது. டி.வி.யில் மாஷுக்குப் பக்கத்தில் வக்கீல் நின்றார். மாஷ் ஒரு லட்டை எடுத்து வக்கீல் வாயில் வைத்தார். வக்கீல் பாதியைக் கடித்துவிட்டு மீதியை மாஷ் வாயில் ஊட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். வக்கீலுக்கும் ஏதோ பெரிய பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று கீழே எழுத்து ஓடியது. நான் எழுந்து போய் டி.வி. சுவிட்சை அணைத்தேன். தம்பி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தோப்புக்குப் போனான்.

ஐப்பசியில் அவளைத் தாராபுரத்துப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மனைவி இறந்துபோன ஆள், பெரிய பையன் இருக்கிறானாம். அவசரமாக நடந்த கல்யாணம், பத்திரிகையே அடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தம்பிக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. பால் சொசைட்டியில் வேறு பெண் வந்திருக்கிறாள் என்று ஒரு நாள் அவனாகவே சொன்னான், அவ்வளவுதான். தரகர் ஒருவர் மறுபடி வந்து புதிய ஜாதகம் காட்டினார். தம்பி அவரிடம் தனக்கு நாற்பதாகப் போகிறது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் சண்டை போட்டேன். அவன் மாடு கட்டப் போய்விட்டான்.

தை மாதம் கொழிஞ்சாம்பாறையில் மாஷுக்கு ஸ்வீகரணம் வைத்தார்கள், அதாவது வரவேற்புக் கூட்டம். வக்கீலும் வந்தார். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, கோஷ்டி இருக்கக் கூடாது, எல்லோரும் ஒன்று என்று மேலிருந்து சொல்லிவிட்டார்களாம். டீக்கடையில் பெஞ்சு ஒன்றாகிவிட்டது. கிணற்று மோட்டாரிலிருந்து ஒரு பூட்டைக் கழற்றினார்கள். அப்பா போக மாட்டார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரர் பைக்கில் ஏறிப் போனார்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். நான் அங்கேதான் இருந்தேன், தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தோளில் ஒரு சால்வை. முகத்தில் ஆறேழு மாதமாக நான் பார்க்காத வெளிச்சம். பழைய தொண்டர்களை எல்லாம் மேடைக்குக் கூப்பிட்டு மாஷ் கையால் சால்வை போட்டார்களாம். வக்கீல் இவரைப் பார்த்துக் கையசைத்தாராம். சொல்லிக்கொண்டே உட்கார்ந்து சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தியும் வந்திருந்தாரு" என்றார். அந்தச் சொல் எங்கள் இரண்டு பேர் மேலும் எப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரியவே இல்லை. "பக்கத்து நாற்காலிதான். அவரே கையப் புடிச்சுக்கிட்டாரு. எனக்கும் கண்ணு கலங்கிப் போச்சு. ரொம்ப நேரம் பேசுனோம். கூட்டத்தப் பத்தி, வாய்க்காத் தண்ணியப் பத்தி. நல்ல மனுசந்தான், பாவம்."

அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு வந்தது. நாக்கு நுனி வரை வந்த பேச்சை எல்லாம் தம்பிக்காக விழுங்கினேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகத்தான் கேட்டான்.

"அந்தப் புள்ள எப்படி இருக்குதுன்னு கேட்டீங்ளாப்பா?"

அப்பா சால்வையின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். தம்பி முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவருக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது.

"அதக் கேக்கலையே சாமி" என்றார்.